தெரிந்துதான் போனேன்

உட்காருங்கள் ஐயரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். இந்தச் சபைக்கு வந்த குருவானவர்களின் வீட்டம்மாக்களை எல்லாம் ஐயரம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறோம். உங்களுக்கு என் மகள் வயதுதான் இருக்கும், இருந்தாலும் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராது.

முதலில் இதைக் குடியுங்கள். நல்ல வெயிலில் நடந்து வந்திருக்கிறீர்கள். திருவிருந்துக்கு நான் போடுகிற திராட்சரசம்தான். கோவிலுக்குக் கொடுத்தது போக ஒரு பாட்டில் வீட்டில் வைத்திருப்பேன். சும்மா குடியுங்கள், பச்சைப்பிள்ளைக்கும் கொடுக்கலாம்.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். டெய்சி டீச்சர் அனுப்பியிருப்பார். சங்கத்துக்குச் செக்ரட்டரி, அவர் வரமாட்டார், உங்களை அனுப்புவார். நானே சொல்லிவிடுகிறேன், உங்களுக்குக் கூச்சம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். "எந்த இடம் என்று தெரியாமல் போய்விட்டேன், மகள் என்னிடம் சொல்லவில்லை." இவ்வளவுதானே? சொல்லிவிட்டால், சபையே சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை அன்றைக்குத் திருவிருந்துக்கு எப்போதும்போல நானே ரசம் போடலாம். சொல்லாவிட்டால் கடையில் பாட்டில் வாங்கிக்கொள்வார்கள்.

நான் சொல்லமாட்டேன் ஐயரம்மா. கோபத்தில் பேசவில்லை. காலையில் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன்.

நீங்கள் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் யார் இருக்கிறார்கள். மீன்காரி பார்த்துவிட்டு, "எக்கா, என்ன கண்ணாடி டம்ளரு முன்னாடி கண்ண மூடிட்டு நிக்கிய, காப்பியா அது?" என்று கேட்டாள். ஆனால் வீடியோவில் இருக்கிறது ஒரு நிமிஷம். அன்றைக்குப் பூராவும் என்ன நடந்தது என்று இதுவரை ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. நீங்கள்தான் முதலில் கேட்க உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சொல்கிறேன்.

என் மகள் ஹெப்சி ஸ்காட்லாந்தில் படித்தாள். ஹெப்சிபா என்று வைத்தது, கூப்பிடுவது ஹெப்சி. என்ன படிப்பு என்று கேட்டால் மூச்சுவிடாமல் ஒரு பேர் சொல்லுவாள். எனக்கு விளங்கினது இவ்வளவுதான்: மாவு ஏன் பொங்குகிறது, பால் ஏன் உறைகிறது, அதையெல்லாம் செய்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர் எது, அதற்கு எவ்வளவு சூடு வேண்டும், எவ்வளவு சீனி வேண்டும். நான் எட்டாம் வகுப்பு. எனக்குச் சமையல் என்று தெரிந்ததை அவள் படிப்பு என்று படித்தாள், அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். படிப்பு முடிகிற சமயம், சார்ஜாவில் இருக்கிற மூத்தவன் டிக்கெட் போட்டு என்னை அங்கே அனுப்பினான். அவர்கள் அப்பாவுக்கு மூட்டுவலி, வரவில்லை.

இப்போதும் வீட்டில்தான் இருக்கிறார். நீங்கள் வருவதைப் பார்த்ததும் பேப்பரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். "ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தா உனக்கு என்ன குறஞ்சிரும்?" என்கிறார். ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தை யார் தலையில் விழும் என்று அவர் யோசிக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் ஹெப்சி வந்து சொன்னாள். "எம்மா, நாளைக்கு எங்க கிளாசோட ஒரு இடத்துக்குப் போறோம். விஸ்கி செய்யிற இடம். வீட்டாளுகளும் வரலாம்னு சொல்லியிருக்காவ. ஆனா நீங்க வரவேண்டாம். சோறு வடிச்சு வச்சிட்டுப் போறேன்."

கேட்டுக்கொள்ளுங்கள் ஐயரம்மா. விஸ்கி என்று சொன்னாள். மறைக்கவில்லை, சுற்றி வளைக்கவில்லை. வரவேண்டாம் என்றும் சொன்னாள்.

நான்தான் கேட்டேன். "ஏன் வரக்கூடாது?"

"அங்க எல்லாரும் குடிச்சிப் பாப்பாங்க."

"நீ?"

"எம்மா, அது எங்க பாடம். கசாயம் காய்ச்சுறவ நாக்குல விட்டுப் பாக்காம இருப்பாளா?"

"அப்ப நானும் வாரேன். நீ என்ன பாடம் படிச்சேன்னு ஊர்ல கேட்டா நான் சொல்லணும்லா."

"ஊர்ல இதையெல்லாம் சொல்லாதீங்க."

"நீ மறைக்கிற எடத்துக்குத்தான் நான் கட்டாயம் வரணும்."

இதுதான் நடந்தது. நான் கேட்டுப் போனேன். அடம்பிடித்துப் போனேன். அவள் ஸ்வெட்டரை என் சேலைக்கு மேலே போட்டு, காதை மூடிக் குல்லா வைத்து, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தாள். மழை. ஆகஸ்ட் மாதம் மார்கழி மாதிரிக் குளிர். வழியெல்லாம் பச்சை, ஆடு, பச்சை, ஆடு. நான் வேதாகமத்துச் சங்கீதம் சொல்லிக்கொண்டே போனேன்.

வாசலில் போர்டு இருந்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். விஸ்கி என்று வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் படியேறினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுற்றிக்காட்டுகிறவள் மோரக் என்று ஒரு அம்மா. என் வயதுதான். ரப்பர் பூட்ஸ், தலையில் தொப்பி, கை இரண்டும் உலக்கை மாதிரி. முதலில் பார்லியைக் காட்டினாள். தரையெல்லாம் பரப்பி நனைத்து முளைகட்ட விட்டிருக்கிறார்கள். நாம் பாசிப்பயறு முளைகட்டுகிறோமே, அதே. கால் வீங்கினால் பார்லித் தண்ணி காய்ச்சிக் குடிப்போம், அதிலிருந்து இது எப்படி வரும் என்று எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. பிறகு அரைக்கிறார்கள், வெந்நீர் விட்டு இனிப்பை இறக்குகிறார்கள். நம் பதநீர் நிறத்தில் வருகிறது.

அதற்குப் பிறகுதான் பெரிய பெரிய மரத்தொட்டி. மாடி உயரம். மேலே மூடி. மோரக் ஒரு மூடியைத் திறந்து, கையால் விசிறி வாசம் பார்க்கச் சொன்னாளாம். அந்தக் கையால் என்கிறதை ஹெப்சி எனக்குச் சொல்வதற்குள் நான் தலையையே உள்ளே விட்டுவிட்டேன். மூக்கில் ஊசி குத்தினது மாதிரி இருந்தது. மோரக் என் ஸ்வெட்டரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். எல்லாரும் பயந்துபோனார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஏட்டி ஹெப்சி, இது நம்ம ரசப் பரணி வாசம்லா."

பொய்யில்லை. அதே வாசம். பரணியைத் திறந்து கிண்டும்போது மூக்கில் ஏறுமே, நுரை நுரையாகச் சத்தம் போடுமே, அதே. அவர்களுக்கு ஹெப்சி இங்கிலீஷில் சொன்னாள். அவர்கள் புரொபசர் ஒரு தாடிக்காரர், நல்ல மனுஷன், என் பக்கத்தில் வந்துவிட்டார். எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டார். நான் ஒளிக்கிறது கிடையாது. திராட்சையை மசித்து, சரிக்குச் சரி சீனி போட்டு, ஒரு கை கோதுமை, ஒரு துளி ஈஸ்ட், பட்டை கிராம்பு, வாயைத் துணியால் கட்டி மூன்று வாரம் இருட்டில் வைப்பேன், தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிண்டுவேன், ஜெபம் பண்ணிக்கொண்டே கிண்டுவேன் என்று சொன்னேன். ஹெப்சி எல்லாவற்றையும் சொன்னாள். ஜெபத்தையும் சொன்னாள்.

தாடிக்காரர் கண்ணை மூடி ஏதோ கணக்குப் போட்டார். பிறகு ட்வெல்வ் என்றார். அதற்கப்புறம் மே பீ தர்ட்டீன் என்றார். பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். மோரக் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள், இன்றைக்கும் வலிக்கிறது.

"என்னட்டி பன்னிரண்டு?" என்று கேட்டேன்.

ஹெப்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சத்தும்மா. உங்க ரசத்துல சத்து பன்னிரண்டு இருக்குமாம்."

ஊருக்கு வந்ததும் சங்கத்தில் அதையும் பெருமையாகச் சொன்னேன். நம் கோவில் ரசத்தில் பன்னிரண்டு சத்து இருக்கிறது, வெளிநாட்டுப் புரொபசரே சொன்னார் என்று. டெய்சி டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருத்தருக்கு நல்ல பேர் வந்தால் சிலருக்குப் பொறுக்காது.

உங்கள் டம்ளர் காலியாகிவிட்டதே, இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறேன். இருக்கட்டும் ஐயரம்மா, கோவிலுக்குப் போட்டது, கணக்குப் பார்க்காதீர்கள்.

பிறகு செம்புக் கொப்பரை இருக்கிற இடம். மினுமினு என்று துலக்கி வைத்திருக்கிறார்கள், கழுத்து நீளமாக, அன்னம் மாதிரி. உள்ளே கொதிக்கிறதாம், ஆவி மேலே போய்க் குளிர்ந்து மறுபக்கம் சொட்டுகிறதாம். மோரக் வாயைத் திறந்தால் ஸ்பிரிட், ஸ்பிரிட் என்கிறாள். ஹெப்சி அதற்கும் ஆவி என்றே சொன்னாள். எனக்குத் தலை சுற்றியது. ஒரு கண்ணாடிப் பெட்டி, பித்தளைச் சட்டம், பூட்டுப் போட்டிருக்கிறது. அதற்குள்ளே அது தண்ணீர் மாதிரி ஓடுகிறது. ஸ்பிரிட்டைப் பூட்டி வைத்திருக்கிறோம், வரி கட்டாமல் யாரும் தொட முடியாது என்றாள்.

"ஆவியப் பூட்டிவைக்க இவுகளால முடியுமாட்டி?" என்றேன்.

"எம்மா, பரிசுத்த ஆவி வேற, இந்த ஆவி வேற."

"அப்ப ஒரே பேர ஏன் வச்சான்?"

அவள் சிரித்துக்கொண்டே என் குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டாள். விட்டுவிட்டோம்.

கடைசியில்தான் அந்த அறை. நீள மேஜை, ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி டம்ளர். வீடியோ அங்கேதான் கூடப் படிக்கிற பிள்ளை ஒருத்தி எடுத்துப் போட்டது, அது சுற்றிச் சுற்றி நம் ஊருக்கும் வந்துவிட்டது. நன்றாகக் கேளுங்கள், இதைத்தான் எல்லாரும் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

எனக்கு முன்னாலும் ஒன்றை வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையிலிருந்து அந்த அம்மா மழையில் நடந்து எனக்காக மெதுவாக மெதுவாகப் பேசி, படியில் கையைப் பிடித்து ஏற்றி, எல்லாம் காட்டியிருக்கிறாள். மோரக் டம்ளரைத் தூக்கினாள். எல்லாரும் தூக்கினார்கள். நானும் முன்னால் ஒன்று வைத்திருக்கிறார்களே என்று கையைக் குவித்துக் கண்ணை மூடிவிட்டேன். பழக்கம். பச்சைத்தண்ணீராக இருந்தாலும் ஜெபம் பண்ணாமல் வாயில் வைத்தது கிடையாது. ரயிலில் டீ குடித்தாலும் கண்ணை மூடுவேன். சாப்பாட்டு ஜெபம் தானாக வந்துவிட்டது. சத்தமாகவே வந்துவிட்டது.

"ஆண்டவரே, இந்த வேளைக்கு நீர் தந்த இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இதை எங்கள் சரீரத்துக்குப் பெலனாக்கும். இதைச் செய்த கைகளை ஆசீர்வதியும். இது கிடைக்காத ஏழை எளியவர்களுக்கும் கிடைக்கச் செய்யும். ஆமென்."

அந்தக் கடைசி வரியை வைத்துத்தான் டெய்சி டீச்சர் சங்கத்தில் கேட்டாராம். "கிடைக்காத ஏழைகளுக்குன்னுதான் அரசாங்கமே தெருவுக்குத் தெரு கடை திறந்து வச்சிருக்கே, இவுக தனியா வேற ஜெபம் பண்ணணுமாக்கும்?" எல்லாரும் சிரித்தார்களாம். நல்ல பேச்சுத்தான். எனக்கே கேட்டதும் சிரிப்பு வந்தது. வந்ததை வந்தது என்று சொல்ல வேண்டும்.

ஆனால் வீடியோவில் தெரியாத ஒன்று இருக்கிறது. நான் கண்ணைத் திறந்தபோது அந்த அறையில் ஒருத்தர்கூடக் குடிக்கவில்லை. தூக்கின டம்ளரை எல்லாரும் மேஜையில் வைத்துவிட்டார்கள். சீனாப் பிள்ளைகள் இரண்டு பேர், கிரேக்கப் பையன், எல்லாரும் தலையைக் குனிந்து நிற்கிறார்கள். மோரக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறாள். நைஜீரியாக்காரப் பையன் ஒருத்தன் மட்டும் பெரிய சத்தமாக ஆமென் என்றான். என்ன பாஷை, என்ன சொன்னேன் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் நான் முடிக்கிறவரை காத்திருந்தார்கள். நம் சபையில் நான் ஜெபம் பண்ண எழுந்தால் பின்வரிசையில் செல்போன் பார்ப்பார்கள் ஐயரம்மா. பேர் சொல்லவில்லை.

அந்த ஜெபம் தப்பு, அது ஜெபமே இல்லை என்கிறார்கள். போன ஜெபத்தை வாபஸ் வாங்க எனக்குத் தெரியாது. அது போகிற இடத்துக்குப் போய்விட்டது. என்ன செய்யவேண்டும் என்று ஆண்டவருக்குத் தெரியும்.

குடித்தேனா என்று கேட்கிறீர்கள். ஜெபம் பண்ணினபிறகு தொடாமல் வைப்பது எப்படி? உதட்டில் வைத்தேன். நாக்கில் பட்டது. பல்வலிக்கு வைக்கிற கிராம்புத் தைலம்தான், அதோடு அடுப்புப் புகை சேர்ந்தமாதிரி ஒரு வாசம். கீழே வைத்துவிட்டேன். ஹெப்சி என் டம்ளரை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு டம்ளரும் காலி. கீழே ஊற்றியிருப்பாள். அவள் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை.

உங்களுக்கு முகமெல்லாம் சிவந்திருக்கிறதே. ஃபேனை இந்தப்பக்கம் திருப்புகிறேன். இந்த ஊர் வெயில் உங்களுக்குப் பழக்கமில்லை. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். நீங்கள் இங்கே வந்து மூன்று மாதமாகிறது, உங்கள் பல்லை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

ஒரு காரியம் மட்டும் எனக்குச் சுட்டது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நம் மரகதம் அந்த வீடியோவைப் பார்த்து அழுதாள் என்றார்கள். அவள் புருஷன் குடித்தே செத்தவன், உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ ஒரு வாய் குடிச்சியோ இல்லையோ, எனக்கு அது இல்ல," என்றாள். "முடிச்சிட்டு சிரிச்சியே. அந்த டம்ளரப் பாத்து ஒருத்தி சிரிக்க முடியுமான்னு இருந்துச்சு."

நான் டம்ளரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அந்தப் பையன் ஆமென் சொன்னதற்குச் சிரித்தேன். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. "மன்னிச்சிரு மரகதம், உன் நெனப்பு எனக்கு வந்திருக்கணும்" என்று சொன்னேன். அவள் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கொஞ்சம் இடம் கொடுத்தாள். உட்கார்ந்து கல் பொறுக்கினேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிட்டேன் ஐயரம்மா. அவள் வீட்டில், அவளிடம். அதைச் சங்கத்துக்கு ஒருதடவை, சபைக் கமிட்டிக்கு ஒருதடவை என்று பங்கு வைக்கமாட்டேன்.

இனி அந்த வாக்கியத்துக்கு வாருங்கள். "தெரியாமல் போய்விட்டேன், மகள் சொல்லவில்லை." நல்ல வாக்கியம். யாருக்கும் நஷ்டமில்லாத மாதிரி இருக்கிறது. டெய்சி டீச்சர் என்மேல் இரக்கப்பட்டுத்தான் இதைச் சொன்னார், அது எனக்குத் தெரியும். ஆனால் நான் தெரியாமல் போனேன் என்றால், ஒருத்தி தெரிந்தே கூட்டிப்போனாள் என்று ஆகிறது. வயசான அம்மாவை ஏமாற்றிச் சாராயக் கொட்டகைக்குக் கூட்டிப்போன பிள்ளை. என் கை சுத்தமாகிவிடும். அவள் பேர்? இந்த ஊரில் அது அவள் கல்யாணத்துக்கும் வரும், அவள் பிள்ளைகுட்டிக்கும் வரும்.

அவளும் சொல்லிவிட்டாள். போன வாரம் போனில். இங்கே நடக்கிறதெல்லாம் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"எம்மா, தெரியாமப் போனேன்னு சொல்லிருங்க. எம்மேல போடுங்க. நான் என்ன அங்கனயா இருக்கேன்? எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா குரல் ஏன் அப்படி இருக்கு?"

பிறகு சொன்னாள். அந்த இடத்திலேயே அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அந்த விஸ்கி ஆலையிலேயே. அந்த மரத்தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. புளிப்பு சரியாக ஏறுகிறதா, சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மோரக்தான் அவள் பேரைச் சொன்னாளாம். ஜெபம் பண்ணின அம்மாவோட மகள் என்று சொல்லியிருக்கிறாள்.

"வேண்டாம்னு எழுதப் போறேன்மா," என்றாள். "ஊர்ல உங்களுக்குத் தலைகுனிவு. வேற வேலை பாத்துக்கிடுதேன்."

அப்போதுதான் எனக்கு வந்தது ஐயரம்மா. கோபம் என்று சொல்லுங்கள், வேறென்ன என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு வருஷம் இங்கே, அப்புறம் அங்கே, கண்விழித்துப் படித்தவள். அவள் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லிப் பிழைக்கப் போகிறாள். நான் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லி நல்ல பேர் வாங்க வேண்டுமா? பெற்றவள் அப்படிச் சொன்னால் அந்தப் பிள்ளை நாளைக்கு எந்த வேலையில் தலைநிமிர்ந்து நிற்கும்?

"போய்ச் சேருட்டி," என்றேன். "நான் வந்து பாத்த எடம்தான அது."

நாளை மறுநாள் சேருகிறாள்.

அதனால் ரசம் வேண்டாம் என்றால் வேண்டாம். கடையில் வாங்கிக்கொள்ளட்டும். சிவப்புச் சாயமும் சீனித்தண்ணியும்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஆண்டவர் அதையும் ஏற்றுக்கொள்வார். எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். வருத்தத்தோடும் இருக்க முடியும்.

நீங்கள் எழுந்திருக்கவேண்டாம், ஒரு நிமிஷம். இதை உங்கள் வீட்டு ஐயரிடம் கொடுத்துவிடுங்கள். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் பிறந்தநாள், கல்யாணநாள், வீட்டு மராமத்து எல்லாம் வாசிப்பார் அல்லவா, அதோடு சேர்த்து வாசிக்கட்டும். மேலே நானே எழுதியிருக்கிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும், உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

"தங்கள் மகள் ஹெப்சிபாவுக்கு விஸ்கி ஆலையில் வேலை தந்த தேவனுக்கு ஸ்தோத்திரமாக, பாக்கியபுஷ்பம் குடும்பத்தார்."

ஐயர் நல்ல மனுஷர், இரக்க மனசு. எனக்காகப் பார்த்து, வெளிநாட்டில் வேலை என்று மாற்றி வாசித்துவிடுவார். வேண்டாம் என்று சொல்லுங்கள் ஐயரம்மா. நான் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். மாற்றி வாசித்தால் அங்கிருந்தே எழுந்து திருத்துவேன்.